புலவர் நிறைந்த துறையில் படிக்க ஆளில்லை

அலை ஓய்ந்தாலும் ஆணை ஓயாத வேலந்துறை நாட்டின் கோமான், சென்ற திங்கள் முதல் ‘கல்விக்கடல்’ என்றும் தம்மைத் தாமே அழைத்தருளும் மாராயர் திருமுன்புக்கு, துறைமுக அமைச்சர் ஆதன் கோளரி, காய்ச்சல் முற்றும் தணியாத உடலோடு பணிந்து விடுக்கும் ஓலை. கொற்றமும் சுற்றமும் யானைகளும் நலம் பெறுக.

அண்டைப் புன்னை நாடு செழிப்பது அங்கே கற்றவர் மிகுந்திருப்பதால் என்று ஒற்றர் உரைத்த அன்றே, தாங்கள் குடிகள் அனைவருக்கும் புலவர் பட்டம் வழங்கியருளினீர்கள். எல்லோரும் கற்றுவிட்ட நாட்டில் பள்ளி எதற்கென்று, பள்ளிகளை யானைகளுக்கு ஒதுக்கினீர்கள். பட்டம் பெற்றவர் எந்தச் சொல்லுக்கேனும் பொருள் கேட்டால் பட்டம் பறிக்கப்படும் என்றும் விதித்தீர்கள். உண்மையிலேயே படித்தவர்கள், இங்கே இனி நமக்கென்ன வேலை என்று புன்னை நாட்டுக்குக் கப்பலேறிவிட்டனர். யானைகள் சுகம். மற்றதை எழுதத்தான் அமைச்சருக்குக் கை ஓய்கிறது.

அவர் காய்ச்சலில் கிடந்தபோது அயல்வணிகர் உடன்படிக்கை ஒன்று கொணர்ந்தனர். துறைமுக மன்றத்தார் அதைக் கைக்குக் கை மாற்றி, “அடடா, என்ன நடை!” என்று மெச்சி முத்திரையிட்டனர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் பட்டம் போய்விடுமே. அமைச்சர் எழுந்து வந்து படித்தபோதுதான், வரும் முழுநிலவு முதல் துறைமுகச் சுங்கம் முழுவதும் அயலாருக்கே என்பது தெரிந்தது. மன்றத் தலைவர் பெரும்புலவர் காரி வளவனாரைக் கேட்டதற்கு, “எழுத்து முத்து முத்தா இருந்துச்சுய்யா” என்றார்.

முழுநிலவுக்குள் அரசரின் மறுப்போலை சென்றால் உடன்படிக்கை செல்லாது என்று அதன் கடைசி வரி கூறுகிறது. மறுப்போலையை அமைச்சரே எழுதி இணைத்திருக்கிறார்; தங்கள் முத்திரை ஒன்றே குறை. அரண்மனையில் இதை வாசிக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டதால், படித்தவர்களுள் உப்பளத்தை விட்டுப் போக மனமின்றி இங்கேயே தங்கிவிட்ட வேட்கண்ணியாரை உடன் அனுப்புகிறார். “படிக்கத் தெரியாதவங்களுக்குப் பொன்னாடை, தெரிஞ்சவளுக்கு மாட்டுவண்டியா?” என்று அவர் கேட்டார். அமைச்சர் அதை அப்படியே இங்கே எழுதிவைத்தார். இவ்வரியையும் திருமுன் விடாமல் வாசிப்பதாகச் சொல்லித்தான் அவர் வண்டியேறினார்.

கோளரி தம் கைப்பட எழுதி, துறையின் சுறா முத்திரை பொறித்தது. அவையோர் தலையாட்டினால் வாசிப்பை நிறுத்தி, என்ன விளங்கியது என்று கேட்குமாறு வேட்கண்ணியாருக்கு ஆணை. மாராயர் முத்திரையிட்டு அவரை உடனே திருப்பியருள்க. அவருக்கும் பட்டமளித்து அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டாம். அமைச்சருக்குக் காய்ச்சல் மறுபடி ஏறுகிறது, வேட்கண்ணியாரும் இல்லையென்றால் தங்கள் மறுமொழியை இங்கே படிக்க ஆளில்லை.