உருகிய நூல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நாகர்கோவிலில் மழை என்று செய்தியில் பார்த்தேன். மாடிப்படியில் பார்த்து இறங்கு. நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று கம்பெனியில் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய பட்டுச்சேலைகளிலிருந்து நாங்கள் தைக்கும் குஷன் உறைகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் இழை கலக்காதவை என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். அதற்குச் சான்று எழுதுவது என் வேலை. இங்கே காஞ்சிபுரத்தில் பட்டு என்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி பொசுங்கும் வாடை வந்தால் பட்டு, உருகினால் பிளாஸ்டிக். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. புது உறை ஒன்றில் நூலை உருவி, வந்தவர்கள் எதிரிலேயே பெருமையாகக் கொளுத்தினேன். அது உருகிச் சொட்டியது.

"இன்னாடி நீ, பொண்ணு பாக்க வந்தவங்க எதிர்லயே சவுரிய கயட்டிக் காட்டிட்ட!" என்று தையல் பிரிவு நதியா சிரித்தாள். சாயங்காலம் அவளே, "தனியா போவாதடி, ரூம் வரைக்கும் நானும் வரேன்" என்றாள்.

முதலாளி திட்டவில்லை. "டேபிள் மேல கெடந்த வேற நூலை எடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துடுமா. தனியா தங்கிக்கினு இருக்கற பொண்ணு, பாத்து இருந்துக்கோ" என்று மெதுவாகச் சொன்னார்.

ரூம் கதவுக்கு உள்பக்கம் போட நல்ல பூட்டு ஒன்று அனுப்பு. தம்பியை தினமும் சாயங்காலம் போன் செய்யச் சொல். ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறேன், வெளியே கேட்கும்படி சத்தமாகப் பேசட்டும். விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலாளி கூப்பிடுகிறார். உறையின் நூல்தான் உருகியது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன், அம்மா. வேலை போனால், உடனே வீட்டுக்கு வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிடாதே.

பெனிட்டா