மூன்றாம் மாடித் தரையைப் போட்டவனுக்கு

அன்பு மச்சான் தாஸுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. கீழ்க்கட்டளை வீட்டில் உன் படத்தைச் சுற்றி உன் பொண்டாட்டி ரோஸி சீரியல் லைட் போட்டிருக்கிறாள். நீ இருந்திருந்தால், "இன்னாடி இது, பிரியாணிக் கடையா?" என்று கத்தியிருப்பாய்.

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்குக் கணிதத் துறையில் எல்லோரும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம், ஆசிரியர் தொழிலுக்கு எப்படி வந்தோம் என்று. ஒருவருக்கு அப்பா வாத்தியார், இன்னொருவருக்குத் தாத்தாவே ஹெட்மாஸ்டர். நான் "தொடக்கத்தில் சிறிது காலம் சொந்தத் தொழில்" என்று எழுதி வைத்திருந்தேன். சொந்தத் தொழிலாம்! உன் பைக் பின்சீட்டில் சிமென்ட் வாளியைக் கட்டிக்கொண்டு போனதற்கு அந்தப் பேர்.

ஏழு வருஷம், மச்சான். நான் பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா போய்ச் சேர்ந்தார். தாம்பரத்தில் வேலைக்கு அலைந்தவனை நீதான் டைல்ஸ் போட இழுத்துக்கொண்டு போனாய். கோணல் அறைக்கு எத்தனை டைல்ஸ் ஆகும் என்று நான் வாய்க்கணக்காகச் சொன்னதைக் கேட்டு, "டேய், உனுக்கு இன்னாத்துக்குடா இந்த முட்டி தேயிற வேல? போய்ப் படிச்சிகினு வா, நான் சமாளிச்சிக்கிறேன்" என்றாய். அஞ்சல் வழியில் படித்தேன். பரீட்சை நாட்களில் என் பங்கு வேலையையும் நீயே செய்தாய்.

பொழிச்சலூர் டியூஷன் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? நாம் பக்கத்து அறைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தோம். போர்டில் ஒரு கணக்கு பாதியில் நின்றுபோய், வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நீ என் முதுகைப் பிடித்து ஒரே தள்ளு. சிமென்ட் கையோடு போய் முடித்துக் கொடுத்தேன். மறு வாரம் அங்கேயே வேலை கிடைத்தது. நான் ஆசிரியன் ஆன கதை அவ்வளவுதான்.

அப்புறம் எம்.எஸ்ஸி., ஆராய்ச்சிப் பட்டம், கல்லூரி. போன வருஷம் எங்கள் புதுக் கட்டடத்து மூன்றாம் மாடிக்குத் தரை போட நீ வந்தாய். துறைத் தலைவியோடு நான் வராந்தாவில் வருகிறேன். மண்டியிட்டிருந்த நீ நிமிர்ந்து, "மச்..." என்று வாயெடுத்தாய்.

"தெரிஞ்சவரா சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்க வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர் மேடம்" என்றேன். என் நாக்கு அழுகிப்போக.

நீ எழுந்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டாய். "ஆமா மேடம். சார் வூட்ல நான்தான் போட்டேன். தங்கமான மனுசன்" என்றாய். நீ என்னை சார் என்று சொன்னது அன்றைக்குத்தான். பன்னிரண்டு நாள் நீ அங்கே வேலை செய்தாய். பன்னிரண்டு நாளும் நான் பின்படிக்கட்டு வழியாக வகுப்புக்குப் போனேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேனா? சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

இதைவிடக் கேவலம் ஒன்று மிச்சமிருக்கிறது. மேடவாக்கத்தில் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலி வந்து நீ சாய்ந்துவிட்டாய் என்று கேட்டு ஓடி வந்தேன். ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, உங்க காலேஜ்ல வேல செஞ்சப்போ தெனமும் வந்து சொல்லுவாரு. சேகர் என்கூட கீழயே உக்காந்து சாப்ட்டான்டி, எல்லா வாத்தியார்கிட்டயும் என் ஃபிரெண்டுன்னு சொன்னான்டின்னு. அவுரு மொகத்த நீங்க பாத்திருக்கணும்ணா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா" என்றேன். உன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஏன்டா அவளிடம் அப்படிச் சொன்னாய்? என் மானத்தைக் காப்பாற்றவா? இல்லை, அப்படி நடந்திருக்கக் கூடாதா என்ற ஆசையா?

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போமே, அடியில் காலியாக இருந்தால் சத்தம் சொல்லிவிடும் என்று. நேற்று வகுப்பு முடிந்து, மூன்றாம் மாடியில் மண்டியிட்டு உன் தரையைத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்றுகூடக் காலியில்லை. துறைத் தலைவி வந்து, "என்ன சார் தேடுறீங்க?" என்றார்.

"இத என் ஃபிரெண்டு போட்டான் மேடம். அவன்கூட ஏழு வருஷம் நானும் இந்த வேலதான் செஞ்சேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது, மச்சான். "அப்படியா சார்! அவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், பசங்ககிட்ட பேசட்டும்" என்றார்.

இவ்வளவுதான் நடந்திருக்கும். இதற்குப் பயந்துதான் பின்படிக்கட்டில் ஏறினேன்.

மலருக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதுப் பக்கம் உன் பேரில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ரோஸி சர்ச்சிலிருந்து வந்ததும் உண்மையைச் சொல்லப்போகிறேன். விளக்குமாற்றை எடுத்தாலும் நிற்பேன். அவள் மனசு ஆறினால், எத்தனை நாள் ஆனாலும் சரி, கேரியரோடு மூன்றாம் மாடிக்குக் கூட்டி வந்து, எல்லா வாத்தியாரும் பார்க்க, உன் தரையில் கீழே உட்கார்ந்து சாப்பிடுவேன். நீ அவளிடம் சொன்ன பொய்யில் அதையாவது மெய்யாக்குகிறேன்டா.

உன்னோடு முட்டி தேய்ந்த மச்சான்,
சேகர்