கல்வெட்டில் இல்லாத சைக்கிள்

என் ஆசை மச்சாள் அன்னத்துக்கு,

நேற்று முன்தினம் உம்முடைய அந்தியேட்டி முடிந்தது. நெருப்புக் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோய் முப்பத்தொரு நாள் ஆகிவிட்டதென்று குருக்கள்தான் எண்ணிச் சொன்னார். எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

கீரிமலையில் காரியம் செய்து, வீட்டில் சாப்பாடு போட்டு, வந்தவர்கள் கையில் கல்வெட்டும் கொடுத்தோம். இறந்தவரின் பெருமையைப் பாட்டாக்கி அச்சடித்துக் கொடுக்கும் அந்தப் புத்தகத்துக்கு ஏன் அப்படியொரு பெயர் வைத்தார்களோ? உண்மையான கல்லைத் தேடி ஊரூராகச் சைக்கிளோடிய உமக்கு, மஞ்சள் அட்டை போட்ட பதினாறு பக்கம்.

அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமோ? பிறக்கிராசியார். ஓம், உம்மைப் பெண்பார்க்க வந்து வேண்டாமென்று போன அதே மனிதர்தான். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுவார், மேடையில் பழமை பேசுவார், இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. பெயரை எழுதி மையைச் செலவழிக்க எனக்கு மனமில்லை. உம்முடைய ஐயா, என் பாவப்பட்ட மாமா, அந்த மனிதர் நாலு வரி எழுதினால் மகளுக்குக் கௌரவம் என்று படியேறிப் போய்க் கேட்டாராம்.

நாலு வரி எழுதித்தான் இருக்கிறார். "அன்னம்மா அம்மையார் வாசற்படி தாண்டாத அடக்கம் உடையவர்." வாசித்தவுடன் எனக்கு அழுகை நின்றுவிட்டது.

வாசற்படியோ! மாமா மலாயா ரயில்வேயில் பென்சன் எடுத்துக்கொண்டு வரும்போது உமக்கென்று கொண்டுவந்த அந்தச் சைக்கிள் எந்தப் படிக்குள்ளே ஓடியது? ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பள்ளி அம்மா விட்டுப்போன பழஞ்சைக்கிளில் என்னை ஏற்றி, மணல் ஒழுங்கையில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, பிடித்த கையைச் சொல்லாமல் விட்டீரே, அது எந்த வீட்டு முற்றம்?

பெண்கள் சைக்கிளோடினால் மழை பெய்யாது என்று நீர்வேலியில் சில பெரியவர்கள் சொன்னார்கள். அந்த மாரியில் வெள்ளம் வாழைத்தோட்டங்களுக்குள் முழங்காலளவு நின்றது. அதற்கும் எங்களைத்தான் திட்டினார்கள். அறிவென்பது அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் விடிந்தவுடன் போவோம். சேலை சங்கிலிக்குள் மாட்டாமல் ஊசி குத்திக்கொண்டு, கூடையில் இடியப்பமும் உம்முடைய கறுப்பு மட்டைக் கொப்பியும் வைத்துக்கொண்டு. கந்தரோடையில், பனைகளுக்கு நடுவே மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்த வட்டக் கற்குவியல்களைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் படம் கீறினீர். புத்தர் காலத்து வேலையாக இருக்கும் என்றீர். அதில் மாடு கட்டியிருந்தவர், "உதிலை என்ன தங்கச்சி கிடக்கு?" என்று கேட்டார். நீர் சொன்னதைக் கேட்டு மாட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினார். படித்தவர்களிடம் நான் காணாத மரியாதை அது.

நிலாவரைக் கிணற்றில் கல்லைக் கட்டிக் கயிறு விட்டோம். வீட்டிலிருந்த கயிறு எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டுக் கொண்டு போனோம். "என் கயிறு முடிந்தது, கிணறு முடியவில்லை" என்று கொப்பியில் எழுதினீர். எனக்கு அந்த வரி நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு தொண்டைமானாறு. கடல்நீரேரி வாயில், கரையில் ஒரு கல்லுத்தூண் சாய்ந்து நின்றது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கிழவரிடம் அது என்னவென்று கேட்டீர்.

"உதோ பிள்ளை? ஆத்தை வெட்டின தொண்டைமான் குளிக்கேக்கை முதுகு தேய்ச்ச கல்லு."

நீர் குனிந்து எழுதத் தொடங்கினீர். பக்கத்தின் அடிக்கு வந்தபோது கிழவர் சிரிப்பை அடக்கமுடியாமல், "எழுதாதை பிள்ளை, வலை காயப்போட என்ரை அப்பு நட்ட கல்லு உது" என்றார். நான் சைக்கிளோடு மணலில் விழுந்து சிரித்தேன். நீரோ எழுதியதை வெட்டவில்லை. பக்கத்தைப் புரட்டி, மறுபக்கத்தில் மீதிக் கதையையும் ஒழுங்காக எழுதி வைத்தீர்.

அந்த ஆவணியில்தான் பிறக்கிராசியார் உம்மைப் பார்க்க வந்தார். பலகாரத்தை ஒரு கை பார்த்தார். பழமையில் தமக்கு மிகுந்த பற்று என்றார். நீர் சந்தோசப்பட்டுக் கொப்பியைக் காட்டினீர். "வாசிச்சுப்போட்டுத் தாறன்" என்று கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். எட்டாம் நாள் தரகர் வந்தார், தெருவழிய திரியும் பெண் குடும்பத்துக்குச் சரிவராதாம். தெருவில் திரிந்து எழுதிய கொப்பி மட்டும் சரிவந்தது. நீர் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, கொப்பி எங்கோ தவறிவிட்டது என்று பதில் வந்தது.

மாமா வெட்கத்தில் சைக்கிளை மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த சனிக்கிழமை நீர் அதை வெளியே எடுத்துத் துடைத்தீர். அவர் தடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பட்டினத்து மண்டபத்தில் அந்த மனிதரின் சொற்பொழிவு. நீரும் நானும் பெண்களுக்கு விட்டிருந்த பின்வரிசை வாங்கில் இருந்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் கயிறு முடிந்தது, கிணறு முடியவில்லை" என்றார். சபை கைதட்டியது. உம்முடைய கை என் கையைப் பிடித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தொண்டைமானாற்றுக்கும் வந்தார். மன்னன் முதுகு தேய்த்த கல்லை நேரிலே கண்டதாகவும், தொட்டபோது தம்முடைய மெய் சிலிர்த்ததாகவும் சொன்னார். திருடியதை முழுவதும் வாசிக்கக்கூடப் பஞ்சிப்பட்ட மனிதர்! ஒரு பக்கம் புரட்டியிருந்தால் தப்பியிருப்பார்.

நான் எழும்பப் போனேன். நீர் சேலையைப் பிடித்து இழுத்தீர். "விடும் பூரணம். அந்தாள் சொன்னதிலை முக்கால்வாசி உண்மைதானே. சனம் கேட்டுதே, அது காணும்." உம்முடைய பெருந்தன்மை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மாமாவுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்தீர். உம்மோடு சேர்ந்து நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்காக என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று முன்தினம் பிறக்கிராசியார் முன்வரிசைக் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் கல்வெட்டோடு போய் முன்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தார்.

"ஐயா, வாசற்படி எண்டு எழுதினது என்னத்தை நினைச்சு?"

"அது ஒரு மரியாதைக்கு எழுதிறது, தங்கச்சி."

"அப்ப அவவின்ரை கொப்பியைக் கொண்டுபோய் மேடையிலை வாசிச்சதும் மரியாதைக்கோ?"

அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பிளையள் துக்கத்திலை என்னவும் கதைப்பினம்."

மாமா எழும்பி வந்தார். "என்ன கொப்பி பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றையும் கல்லையும் மண்டபத்தையும். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர்களும் நின்று கேட்டார்கள். பிறக்கிராசியாரின் வாயில் வெற்றிலை மெல்லப்படாமல் நின்றது.

முப்பது வருடம் வெள்ளைக்காரத் துரைமாருக்கும் உள்ளூர்த் துரைமாருக்கும் "ஓம் ஐயா" சொன்ன மனிதர் மாமா. பெரிய ஆட்களைப் படலையில் கண்டால் தோளிலிருந்து சால்வையை இறக்குகிறவர். அவர் சொன்னார், "என்ரை பிள்ளையின்ரை கொப்பியை அனுப்பிவிடும்."

அனுப்பிவிடும். துரைமாருக்குச் சொல்லும் அனுப்பிவிடுங்கோ இல்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. பிறக்கிராசியார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். சாப்பாடு நன்றாயிருந்தது என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை குமாஸ்தா ஒருவர் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் எதுவும் இல்லை. முதல் மட்டையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் அந்த மனிதரின் பெயரும் பட்டங்களும். மாமா ஈரத்துணியால் நனைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, வெகுநேரம் இருந்து உரித்தார். அடியில் உம்முடைய எழுத்து: அ. அன்னம்மா, நீர்வேலி. மாமா அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் அழுதார் மச்சாள், செத்தவீட்டிலும் அழாத மனிதர்.

கொப்பியின் பின்பாதி வெறுமையாக இருக்கிறது. வல்லிபுரம் போகாமல் விட்டுவிட்டோம் அல்லவா? உலகச் சண்டை தொடங்கிய பிறகு டயர் கிடைப்பதில்லை. பழையதைத் தைத்துப் போட்டுக்கொண்டாவது போவேன். கண்டதை எழுதுவேன், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இது பூரணத்தின் எழுத்து என்று போடுவேன். உம்மைப்போல எனக்கு எழுத வராது. வராததை வந்ததாகச் சொல்லவும் மாட்டேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். அந்த மனிதரை நான் மன்னிக்கப் போவதில்லை. நீர் மன்னித்துவிட்டுப் போய்விட்டீர். மன்னிக்க ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் போதும்.

மன்னிக்கத் தெரியாத உம்முடைய மச்சாள்,
பூரணம்