மீட்டர் சொன்ன பொருத்தம்

ஜூன் 4
தங்கை வீட்டுக்காரர் என் எலக்ட்ரிக் கடைக்கு வந்தார். மொட்டை மாடியில் செம்புக் கம்பியால் ஏரியல் கட்டியிருக்கிறாராம். அங்கிருந்து கீழே ஹாம் ரேடியோ வரை, அதுதான் வானலையில் ஊர் ஊராக ஆட்களோடு பேசும் கருவி, இழுக்க முப்பது மீட்டர் கேபிள் வேண்டும். பக்கவாதம் வந்து ஏழு மாதம். கை தேறிவிட்டது, நாக்குதான் இன்னும் குழறுகிறது. "முகம் தெரியாதவங்ககிட்ட பேசிப் பழகினா கூச்சம் போயிடும் மச்சான்" என்றார்.

குடோனில் தண்ணீர் புகுந்தபோது நனைந்த சுருள் ஒன்று கிடந்தது. விலைபோகாத சரக்கு, சொந்தத்துக்குக் கொடுத்தால் பெயராவது மிஞ்சும். கறுத்த நுனிகளை இரண்டு சாண் வெட்டி எறிந்துவிட்டு, "உங்களுக்குன்னே எடுத்து வச்சது மாப்ளே" என்று நீட்டினேன். அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 7
மாடிக்குப் போனேன். ஏரியல் கம்பியின் நுனியை விரற்கடை விரற்கடையாக நறுக்கிக்கொண்டிருந்தார். ஏரியலும் கேபிளும் ஒத்துப்போகாவிட்டால், அனுப்புகிற சக்தி சுவரில் அடித்த பந்துபோல் திரும்பி வந்துவிடுமாம். "உங்க தங்கச்சியக் கட்டும்போது பாக்காத பொருத்தத்த இதுக்காவது பாக்குறேன்."

அப்படித் திரும்புவதை அளக்கும் மீட்டரின் முள் அசையவே இல்லை. திரும்பி வருவது ஒன்றுமில்லை. "பாத்தீங்களா மச்சான், என்னா பொருத்தம்!"

கேபிள் தப்பித்தது. நானும்.

ஜூன் 15
அவருக்கு மற்றவர்கள் பேசுவது மெலிதாகக் கேட்கிறதாம். இவர் கூப்பிட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லையாம்.

ஜூன் 19
தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரு ரேடியோவத் தொடறதே இல்ல. 'என் கொழறலக் கேட்டுட்டு நகந்துடறாங்க'ங்கறாரு. எங்கிட்டயும் பேசறதில்ல. எது கேட்டாலும் சீட்டுல எழுதி நீட்டறாரு."

சீட்டிலா? கட்டினவளிடமா?

கேபிளாக இருக்குமோ? இருக்காது. மீட்டர்தான் சரியென்று சொன்னதே.

ஜூன் 20
டிவி மெக்கானிக் சரக்கெடுக்க வந்தார். யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"நனஞ்ச கேபிளா? போறதையும் குடிச்சிடும், திரும்பி வர்றதையும் குடிச்சிடும் மொதலாளி. அப்புறம் மீட்டர் என்னத்தக் காட்டும்? எல்லாம் சரின்னுதான் காட்டும். எந்தப் புண்ணியவான் குடுத்தான்?"

அந்தப் புண்ணியவான் பில் போட்டுக் கொடுத்தான்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன? 'இதவிட ஒசத்தி வந்திருக்கு' என்றால் நம்புவார். நம்பிவிடுவாரே — அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 21
புதுச் சுருளோடு போனேன். பழையதை நடுவில் கீறி உரித்துக் காட்டினேன். உள்ளே செம்புப் பின்னல் கரியாகக் கிடந்தது.

"கறுத்த நுனிய ரெண்டு சாண் வெட்டிட்டு, தெரிஞ்சேதான் குடுத்தேன் மாப்ளே. உங்க பேச்சு இந்த மாடியத் தாண்டவே இல்ல. எவனும் கேட்டுட்டு நகரல."

பேனாவை எடுத்தார். எழுதாமல் வைத்துவிட்டார்.

"இத்தன நாளா... என் வாயத்தான் திட்டிட்டிருந்தேன்."

குழறித்தான் சொன்னார். ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.

ஜூன் 24
தங்கை: "யாரோ கப்பல்காரராம். 'தெளிவாக் கேக்குது, சொல்லுங்க'ன்னாராம். ஒரு மணி நேரமாப் பேசறாரு, சோறு ஆறுது!"

ஜூலை 12
மாப்பிள்ளை கடைக்கு வந்தார். இன்னொரு ஏரியலுக்குப் பத்து மீட்டர் வேண்டுமாம். பிரிக்காத சுருளை எடுத்து நீட்டினேன். கை நீட்டவில்லை. நுனியைப் பார்த்தபடி நின்றார்.

கல்லாவிலிருந்து கத்தியை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி கொடுத்தேன்.

இரண்டு சாண் தள்ளி வெட்டினார். உரித்தார். பின்னல் பளபளவென்றிருந்தது.

"கட்டிக் குடுங்க" என்றார்.

மச்சான் என்று இன்னும் வரவில்லை.