ஆணை ஆனையாகிப் போன வரலாறு

நலம் பெருகுக. மழை முறை தவறாதிருக்க. அலைகள் தம் எல்லைக்குள் நிற்க.

குன்றும் கடலும் தமக்கே குடை பிடிப்பதாக நம்புபவரும், வாழ்த்துப் பாடல்களை நாள்தோறும் கேட்டும் அலுக்காத செவியினருமான வெண்கோட்டு நாட்டு மன்னர் நெடுங்குன்றனார் பணித்தபடி, அவர்தம் மந்திரி பொன்வரையன், அக்கரைச் சங்குத் தீவின் அரசியாரும், முத்துக் குளிப்போரின் தாயும், கோபத்திலும் கொடையிலும் கணக்குப் பாராதவருமான கழுநீர்த் தேவியார் திருமுன் விடுக்கும் ஓலை.

தங்கள் மாளிகையும் மக்களும் படகுகளும் நலமென நம்புகிறோம். தங்கள் கோட்டை வாயில் நலமில்லை என்பதை அறிவோம். அது குறித்தே இவ்வோலை.

எங்கள் தூதர் காரியாரைத் தாங்கள் பிடித்து வைத்துக்கொண்டு, வருவதாகச் சொன்ன ஆனை வந்து சேரும்வரை அவரையும் விடமாட்டோம், உங்கள் மீன்படகுகளையும் நடுக்கடலுக்கு விடமாட்டோம் என்று சொல்லியனுப்பியது நியாயமே. ஆனை வரும் என்று எங்கள் சுவர் சொல்லிற்று. எங்களுள் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. நாங்கள் சொல்லாததைச் சுவர் எவ்வாறு சொல்லிற்று என்பதை, அதற்குக் காரணமான எழுத்தாசிரியை அஞ்சொலாள் பட்ட பாட்டோடு சேர்த்து உரைக்கிறோம். ஆங்காங்கே அவரவர் பேசியபடியே எழுதியிருக்கிறோம். ஓலையின் கண்ணியம் சற்றுக் குறையும், உண்மை குறையாது.

அஞ்சொலாள் எங்கள் அரண்மனையின் தலைமை எழுத்தாசிரியை, தூதர் காரியாரின் மனைவி. இனிய சொல்லுடையாள் என்பது பெயரின் பொருள். குழந்தை பேசத் தொடங்குமுன்பே பெயர் வைத்துவிட்டதால் நேர்ந்த பிழை அது. ஆனால் கை மட்டும் தெய்வக் கை. அவள் வரைந்த அகரத்தின் வளைவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட மறந்தவர்கள் உண்டு. அவளும் அதை மறக்க விட்டதில்லை.

கடலை நோக்கிக் குன்றின்மேல் எங்கள் மன்னர் எழுப்பிய சுவரைத் தாங்கள் அக்கரையிலிருந்து காண்கிறீர்கள். அதன் முதுகைக் கண்டதில்லை. சுவர் முழுதும் சிறு சாளரங்கள், பாய் முடைந்தாற்போல் நெருக்கமாக, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கருப்பு. பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் பலகை புரளும். கருத்த சாளரங்கள் ஒன்றுகூடினால் எழுத்து. இழுப்பவர்கள் சேந்தன் என்பவனின் ஆட்கள்.

அஞ்சொலாள் எழுத்தைத் துணியில் வரைந்து கொடுப்பாள். சேந்தன் அதை வேண்டிய அளவுக்குப் பெருக்கியோ சுருக்கியோ சுவரின் கட்டங்களோடு பொருத்துவான். எந்தச் சாளரத்தின் நடுப்புள்ளி கோட்டுக்குள் அகப்படுகிறதோ அது கருப்பு, அகப்படாதது வெள்ளை. அஞ்சொலாள் வகுத்த விதி இவ்வளவே. சுவர் முழுதும் ஓரெழுத்து நின்ற நாட்களில் அது அழகாகவே நின்றது.

ஆனால் மன்னருக்குச் சுருங்கச் சொல்ல வராது. இரு கரைக்கும் இடையே மீன் மிகுந்த கடல்திட்டான நடுப்பாரில் இரு நாட்டுப் படகுகளும் சேர்ந்து மீன் பிடிக்கலாம் என்று அவர் ஆணை பிறப்பித்தபோது, அது வருமுன்னே வருவதைச் சொல்ல வேண்டுமென்று ஆசைப்பட்டார். “நாளை அரச ஆணை வருகிறது, வாயிலைத் திறந்து வையுங்கள்” என்று அத்தனையும் ஒரே வரியில். இடம் போதாமல் எழுத்துக்கள் சிறுத்தன. ஆணையின் ணகரத்துக்குச் சுழி மூன்று, ஆனையின் னகரத்துக்குச் சுழி இரண்டு என்பதைத் தேவியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுத்த ணகரத்தின் ஒரு சுழி, இரண்டு சாளர வரிசைகளுக்கு நடுவே விழுந்து, எந்த நடுப்புள்ளியையும் தொடாமல் மறைந்தது. போதாக்குறைக்கு, ணையையும் னையையும் முன்னால் துதிக்கை போன்றதொரு வளைவு வைத்து எழுதுவது எங்கள் வழக்கம். அந்தத் துதிக்கை மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

ஆனையையே கண்டிராத தங்கள் தீவு அதை வாசித்து என்ன பாடுபட்டது என்பதைத் தாங்களே அறிவீர்கள். வாயில் குறுகலென்று இடிக்கப்பட்டது. வாழைத்தார்கள் குவிந்தன. மறுநாள் காரியார் கையில் ஓர் ஓலையோடு இறங்கினார். நடந்ததைத் திரும்பி வந்த படகோட்டி சொன்னபடியே எழுதுகிறோம், பிழையிருந்தால் பொறுத்தருள்க.

“ஆனை எங்க?” என்று தாங்கள் கேட்டீர்கள்.

“இதோ, ஆணை” என்று காரியார் ஓலையை நீட்டினார்.

“அது ஓலை. ஆனை எங்கன்னு கேக்கறேன்.”

“ஓலைக்குள்ளதாம்மா இருக்கு.”

“அவ்வளவு சின்ன ஆனையா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, ஒரு குழந்தை அழத் தொடங்க, அதன்பின் காரியாரை யாரும் பேச விடவில்லை.

இதைக் கேட்ட அஞ்சொலாள் தலையை முடியவும் மறந்து குன்றின்மேல் ஏறினாள். கணவன் சிறைப்பட்ட கலக்கம் ஒரு பங்கென்றால், தன் எழுத்தை எவனோ சிதைத்துவிட்டான் என்ற ஆத்திரம் மூன்று பங்கு.

“எவன்டா என் ணகரத்துல கை வச்சது?”

“நாங்க ஏங்க கை வைக்கறோம்?” என்றான் சேந்தன். “நடுப்புள்ளி உள்ள வந்தா கருப்பு, வரலேன்னா வெள்ளை. நீங்க போட்ட விதிதானே? ஒரு சுழி வரல. வராதத நாங்க எங்க போய்த் தேடறது?”

“கண்ணு இருக்குல்ல? சுழி குறையுதுன்னு தெரியல?”

“எங்களுக்குப் பின்பக்கந்தாங்க தெரியும். இங்கேருந்து பாத்தா எல்லா எழுத்தும் கயிறுதான்.”

அவள் கீழே இறங்கி, ஒரு படகைப் பிடித்து, வலையில்லாத படகென்று தங்கள் காவலர் விட்டதால் நடுக்கடலுக்குப் போனாள். சுவர் எழும்பிய நாள்முதல் அவள் அதைக் கடலிலிருந்து பார்த்ததே இல்லை. துணியில் பார்த்திருந்தாள், அது போதுமென்று இருந்தாள். காரியார் முன்பொருமுறை, “எழுத்து அழகாத்தான் இருக்கு, என்ன எழுத்துன்னுதான் தெரியல” என்று சொன்னதற்கு, அன்று அவருக்குச் சோறு போடவில்லை. இப்போது பார்த்தாள். ஒரு கால் தடித்தும் ஒரு கால் மெலிந்தும், சில எழுத்துக்கள் வயிறு அடைத்தும், சில தரையில் நிற்காமல் தொங்கியும், வறட்டி தட்டிய சுவர் போலிருந்தது அவளுடைய வாழ்நாள் உழைப்பு. படகின் ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். அலையால் என்று படகோட்டி நினைத்தான். அவளும் மறுக்கவில்லை.

திரும்பியதும், அந்தச் சிறிய அளவுக்கென்று ணகரத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி வரைந்து கொடுத்தாள். சரியாக நின்றது. மன்னர் மகிழ்ந்து இன்னும் இரண்டு சொல் சேர்த்தார். அளவு மாறியது; ணகரம் மறுபடி சரிந்தது, கூடவே றகரமும். அளவுக்கொரு படம் என்று வரைந்தால் ஆயுள் போதாதென்று அவளுக்கு விளங்கிற்று. எழுத்தைப் படமாக மட்டும் கொடுத்தால் ஆகாது. இடம் சுருங்கும்போது எப்படி நடந்துகொள்வது என்ற புத்தியையும் அதற்குள் வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் கட்டளை எழுதத் தொடங்கினாள். முதலில் எல்லா எழுத்துக்கும் பொதுவானவை: பாதம் அனைத்தும் ஒரே வரிசையில் நிற்க, தலை அனைத்தும் ஒரே வரிசையில் முடிய, கால்களின் பருமன் ஒன்றாயிருக்க. பிறகு தனித்தனியே: இந்தக் கால் இரு வரிசைகளுக்கு நடுவே விழுந்தால் அருகிலுள்ள வரிசைக்கு நகர்த்து, கால்கள் நின்றபின் வளைவுகளை அவற்றோடு சேர்த்து இழு, சுழியின் வயிற்றில் ஒரு வெள்ளைச் சாளரமாவது இருக்கட்டும். கட்டளைகளை வரிசை பிசகாமல் செய்ய வேண்டும். செய்பவர்களோ சேந்தனின் ஆட்கள்; எழுதியதற்கு மேல் ஒரு விரலும் அசைக்காதவர்கள்.

முதல் சோதனைக்கு “மன்னர் வாழ்க” என்று எழுதினார்கள். பார்ப்பதற்கு மன்னரே குடையோடும் புலவரோடும் படகேறினார். ழகரத்துக்கு, “வாலை ஒரு வரிசை கீழே இறக்கு” என்று அஞ்சொலாள் எழுதியிருந்தாள். எங்கிருந்து என்று எழுதவில்லை. ஓர் ஆள் இறக்கினான். சரிபார்க்க வந்தவன் கட்டளையைப் படித்து இன்னொரு முறை இறக்கினான். அவனைச் சரிபார்க்க வந்தவனும் இறக்கினான். மன்னர் நிமிர்ந்து பார்த்தபோது ழகரத்தின் வால் சுவரின் அடிவரை தொங்கியது.

“என் வாழ்வுக்கு ஏன்யா வால் முளைச்சிருக்கு?” என்றார் மன்னர்.

“நீண்ட ஆயுளின் அடையாளம், அரசே” என்றார் அரசவைப் புலவர் மழவரையர். அவருக்கு அங்கேயே ஒரு பட்டு போர்த்தப்பட்டது. அஞ்சொலாள் வாய் திறக்கவில்லை. அது மிக அரிதான நிகழ்வாதலால் இங்கே குறித்து வைக்கிறோம்.

வாலை அவள் திருத்திவிட்டாள். திருத்த முடியாமல் நின்றது ணகரம்தான். மூன்று சுழிக்கும் அவற்றின் நடுவே வெளிச்சத்துக்கும் இடம் விட்டால், அவள் வகுத்த அகலத்துக்குள் அந்த எழுத்து அடங்காது. சுழிகளைச் சப்பையாக்கி, இடுப்பை அகட்டி, பக்கத்து எழுத்தைத் தள்ளி உட்கார வைத்தால் அடங்கும். ஊர் பார்த்துச் சாப்பிட மறந்த வளைவு அதோடு போகும். கரிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் காரியார் மீனும் வாழைப்பழமுமாகத் தின்று சற்றுப் பருத்திருப்பதாக அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. அதில் அவளுக்குப் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். எங்கள் படகுகள் கரையில் காய்ந்து கொண்டிருந்தன. மீனவப் பெண்கள் அவள் வீட்டைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். அதில் நிம்மதி கொள்ள ஏதுமில்லை.

அவள் ணகரத்தின் இடுப்பை உடைத்தாள்.

கிட்ட நின்று பார்த்தால் மூன்று எருமைகள் வரிசையாகப் படுத்தது போலிருந்தது. மழவரையர் புதுப் பட்டோடு வந்து பார்த்து, “இது எழுத்தா, மாட்டுக்கொட்டிலா?” என்றார்.

“கிட்ட நின்னு பாக்கறவங்களுக்கு வரையல ஐயா, தூரத்துல இருக்கறவங்களுக்கு வரைஞ்சது” என்றாள் அஞ்சொலாள். “நீங்களும் கொஞ்சம் தூரமாப் போங்க. எல்லாருக்கும் நல்லாத் தெரியும்.”

மறுநாள் சுவரில், தாங்கள் வாசித்த அந்த வரி ஏறியது: “ஆணை வேறு, ஆனை வேறு.” மூன்று சுழியும் இரண்டு சுழியும் அருகருகே. அவள் நடுக்கடலில் படகில் நின்றாள். ஒவ்வொரு கால் அருகிலும் சுத்தமான வெள்ளை, ஒவ்வொரு சுழியின் வயிற்றிலும் வெளிச்சம். அவள் கையின் நயம் அதில் எங்குமில்லை. முதலில் அதைத்தான் தேடினாள். பிறகு தன்னையறியாமல் வரியை உரக்க வாசித்துவிட்டாள். தன் எழுத்தை அவள் அதுவரை பார்த்திருக்கிறாளே தவிர வாசித்ததில்லை. அழுதாளா சிரித்தாளா என்று படகோட்டியைக் கேட்டோம். இரண்டையும் ஒன்றாகச் செய்து படகைக் கவிழ்க்கப் பார்த்தாள் என்றான்.

தங்கள் மறுமொழி அன்றே வந்தது. எழுத்து தெளிவு என்றீர்கள், சுழிகளை எண்ணிப் பார்த்தோம் என்றீர்கள். ஆயினும் வாயிலை இடித்தாயிற்று, குழந்தைகளிடம் சொல்லியாயிற்று, ஆகவே ஆனை வரட்டும் என்றீர்கள்.

மன்னர் சினந்தார். தாம் சொல்லாததற்குத் தாம் ஏன் ஆனை கொடுக்க வேண்டும் என்று அவையில் கேட்டார். அஞ்சொலாள் எழுந்தாள்.

“நாம நினைச்சது செய்தி இல்ல அரசே, அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதுதான் செய்தி. வரைஞ்சவ நான். என்னால ஆனை செய்ய முடியாது. உங்ககிட்ட இருக்கு.”

மன்னர் மீசையைத் தடவினார். பிறகு, அரண்மனைத் தோட்டத்தை ஆண்டுதோறும் மேய்ந்து தீர்க்கும் செண்பகம் என்ற ஆனை தம் நினைவுக்கு வருவதாகவும், தம் பெருந்தன்மைக்கு எல்லையில்லை என்றும் கூறினார்.

ஆதலின் தேவியாருக்கு விண்ணப்பிப்பது: இவ்வோலையோடு வரும் தெப்பத்தில் செண்பகம் வருகிறது. சாது. வாத்துகளைக் கண்டால் மட்டும் மிரளும். துறையிலுள்ள வாத்துகளை அப்புறப்படுத்துக. ஆனை கரையில் கால் வைத்ததும் தூதரையும் கடல்வழியையும் விடுவித்தருள்க. இனி எங்கள் சுவரில் ஏறும் எந்த வரியையும், அது மன்னர் வாக்கேயாயினும், ஒருவர் நடுக்கடலில் நின்று வாசித்துச் சரிபார்த்த பின்னரே நிற்க விடுவதென்று இங்கே கட்டளை பிறந்துள்ளது.

இவ்வோலை திருத்தமின்றி எழுதப்பட்டு, மன்னர் முன் வாசிக்கப்பட்டு, அவர் பாதியில் உறங்கியமையால் ஒப்புதல் பெற்றதாகக் கொண்டு, மீன்கொத்தி முத்திரை இடப்பட்டது.

தெப்பத்தில் அஞ்சொலாளும் வருகிறாள், கணவரை அழைத்துச் செல்ல. துறை குறுகலெனில் முதலில் அவளுக்கே வழிவிடுக, ஆனை காத்திருக்கும். காரியார் பருத்தது குறித்து அவளுக்கு ஏற்கெனவே செய்தி எட்டிவிட்டதை அவரிடம் உடனே தெரிவித்து, அதற்குள் அவரை இளைக்க வைக்க ஆகக்கூடியதைச் செய்க.