விசில் மட்டும் கேட்ட நாட்கள்

நேற்று பூந்தமல்லியில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிக் கிடந்த சாலையில் ஒரு பக்கத்தை மட்டும் இப்போதுதான் மூடுகிறார்கள். மளிகை வாங்கப் போனவன், அந்தப் புகையும் சூடும் முகத்தில் அடித்ததும் கடைப் படியிலேயே நின்றுவிட்டேன். கடைக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நீ நிற்பது போலவே இருந்தது.

உன் களிம்பின் வாசனை அது. காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் டெப்போ குழாயடியில் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை இரண்டிலும் அந்தத் தார்க் களிம்பைத் தேய்த்துக்கொண்டு வருவாய். வண்டி கிளம்பிக் காற்று உள்ளே புகுந்ததும் அந்த வாசனை என் இருக்கை வரைக்கும் வரும். "ரோட்டையே பூசிக்கினு வந்துகீறேன் அண்ணாத்தே, நீ பாத்து ஓட்டு" என்பாய். அப்போதெல்லாம் உன்னால் உன் நோயை வைத்துச் சிரிக்க முடிந்தது.

ஓட்டுநரும் நடத்துநரும் நாள் முழுக்க ஒரே வண்டியில்தான் இருக்கிறோம். ஆனால் முகம் பார்த்துப் பேசுவது டீ குடிக்கிற நேரத்தில் மட்டும். மற்றபடி நீ எனக்கு ஒரு குரல்தான். நான் திண்டிவனம் பக்கத்துக்காரன், உன் பேச்சு பிடிபடவே கொஞ்ச நாளானது. நீ கரையான்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுகிறவன். அதனாலோ என்னவோ ஒவ்வொரு நிறுத்தத்தையும் இழுத்து, ஏற்றி, இறக்கித்தான் கூப்பிடுவாய். "குமணன்சாவடி எறங்குறவங்கல்லாம் முன்னாடி வந்துரு, அங்கயே நின்னுகினு அப்பறம் என்னாண்ட கோச்சுக்காத." கூட்டம் சிரித்துக்கொண்டே நகரும். ஐயப்பன்தாங்கலிலிருந்து அலுவலகம் போகிற பிள்ளைகள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு உன்னைக் கேட்டதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

உன் அம்மா இறந்த வருடம் உன் முழங்கையில் காசு அளவுக்கு ஒரு படை வந்தது. சொரியாசிஸ் என்றார்கள். பிறகு தலைக்கு ஏறியது. காக்கிச் சட்டையின் தோளில் மாவு உதிர்ந்த மாதிரி செதில் கிடக்கும், நீ தட்டிவிட்டுக்கொண்டே இருப்பாய். கடைசியில் உள்ளங்கைக்கு வந்தது. டிக்கெட் கொடுக்கிற கை. தோல் டாக்டர் பொறுமையானவர்தான். களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, கவலைப்படாமல் இருந்தால் பாதி சரியாகும் என்று சொல்லி அனுப்பினார். "கவலப்படாதன்றாரு அண்ணாத்தே. அது எந்தக் கடைல கிடைக்கும்னு சொல்லல" என்றாய். கவலை கூடினால் தோல் உரிந்தது, தோல் உரிந்தால் கவலை கூடியது. எது முந்தி என்று நீயும் தேடிப் பார்த்தாய், பிடிபடவில்லை.

அந்தப் பெண்ணை நீ மறந்திருக்கமாட்டாய். குழந்தையோடு ஏறினாள். டிக்கெட்டை நான்தான் வாங்குவேன் என்று குழந்தை கையை நீட்ட, நீ சிரித்துக்கொண்டே அதன் விரல்களுக்குள் வைத்தாய். அவள் உன் உள்ளங்கையைப் பார்த்தாள். டிக்கெட்டைத் தட்டிவிட்டாள். பாட்டிலைத் திறந்து குழந்தையின் கையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தொற்றாது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாய், "ஒட்டாதும்மா இது, பயப்படாத" என்று. அன்றைக்குச் சொல்லவில்லை. வேறு டிக்கெட் கொடுத்தாய், கையில் அல்ல, இருக்கையின் மேல் வைத்து. பிறகு பின்பக்கம் போய்விட்டாய்.

அதற்கப்புறம் நிறுத்தங்களின் பெயர் என் காதில் விழவில்லை. விசில் மட்டும்தான். நிற்க ஒன்று, போக இரண்டு. வெயில் காலத்திலும் முழுக்கை மூடிய சட்டை. டீக்கடையில் உனக்கென்று காகிதக் கோப்பை கேட்டு வாங்க ஆரம்பித்தாய். யாரும் உன்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டபோது, கடைக்காரர் வியாபாரம் எதற்குக் கெட வேண்டும் என்று முடித்துக்கொண்டாய்.

அப்புறம் விரல்கள் வீங்கின. காலையில் கை விரியவே வெகு நேரம் ஆகும், வெந்நீரில் நனைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தோலில் வந்த நோய் மூட்டிலும் இறங்கும் என்பது நமக்கு அப்போது தெரியாது. ஒருநாள் சில்லறையை எடுக்க முடியாமல் பையைப் பயணி ஒருவரிடமே நீட்டி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாய். மறுநாளிலிருந்து நீ வரவில்லை.

உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி ஸ்டெல்லா தையல் கம்பெனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கறுத்துச் சிறுத்துப்போயிருந்தது. மாடியிலிருந்து இறங்கிய உன் அண்ணன் உனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார், கை வலிக்கிறவன் கையைத்தான் தூக்கமாட்டான், இவன் தலையையே தூக்கமாட்டேன் என்கிறான், எல்லாம் சோம்பேறித்தனம் என்று. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். தாடி வளர்ந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாய்: "வலிச்சா பரவால்ல அண்ணாத்தே. புள்ள பாஸாயிட்டேன்னு வந்து சொல்றா, எனக்கு ஒண்ணுமே ஆவல. அதான் பயமா கீது."

உன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய செய்தி அது. உன்னை எழுப்பிக் குளிக்க வைத்து, அரசு மருத்துவமனைக்கு நானும் ஸ்டெல்லாவும் கூட்டிப்போனோம். தோலுக்கு ஓர் இடம், மூட்டுக்கு வேறு கட்டடம். மூட்டுப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். உன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். அப்புறம், தூக்கம் வருகிறதா, சாப்பாடு பிடிக்கிறதா, கடைசியாக எப்போது எதற்காகச் சந்தோஷப்பட்டீர்கள் என்று கேட்டார். நீ அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பைக் காக்க வேண்டிய படை, பகைவன் இல்லாத இடத்திலும் விடாமல் சண்டை போடுகிறது. அதற்குத்தான் அழற்சி என்று பெயர். தோலில் அது செதிலாக வெளியே தெரிகிறது, மூட்டில் வீக்கமாகத் தெரிகிறது. ரத்தக் குழாயிலும் இருக்கலாம், அங்கே தெரியாது, அதனால் இதயத்தையும் கவனிக்க வேண்டும். மூளையையும் அது தொடும், அப்போது மனிதன் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டுவிடுவான். மனக்கஷ்டம் நீடித்தாலோ, அது திரும்ப அழற்சியை ஏற்றிவிடும். இதில் எதனுடைய பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். கடைசியாக உன் பக்கம் திரும்பினார். "இப்படிப் படுத்தே இருக்கீங்களே, அது உங்க குணம் இல்லைங்க. இதுவும் நோயில சேர்ந்ததுதான். இதுக்கும் மருந்து இருக்கு."

நீ அழுதாய். அத்தனை பேர் நிற்கிற அறையில், வீங்கிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு. ஸ்டெல்லா உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அன்று கண்டது நிம்மதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தோலுக்கும் மூட்டுக்குமாகத் தொடர்ந்து ஊசி போட்டார்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள், அவர் மாத்திரை கொடுத்தார், பேச வரச் சொன்னார். மெதுவாகத்தான் மாறினாய். முதலில் தாடியை எடுத்தாய். பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தாய். மழைக்காலம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய அன்று நான் எதையும் எதிர்பார்க்காமல்தான் வண்டியை எடுத்தேன். குமணன்சாவடி நெருங்கும்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது. பழைய இழுப்பு இல்லை, கொஞ்சம் கம்மிப்போன குரல். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். எனக்குக் கண் மறைத்துவிட்டது, வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. ஓய்வறையில் யாரோ ஒருவன் உன் மாத்திரைப் பட்டையைப் பார்த்து, இது பைத்தியத்துக்குப் போடுவதாச்சே என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான். நீயும் சிரித்தாய். ஆனால் மனசு மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டாய். எனக்குத் தெரிந்ததும் எவ்வளவோ சொன்னேன். டாக்டரைக் கேட்காமல் விடாதே என்றேன். தோல் சுத்தமாகிவிட்டது, கை விரிகிறது, இன்னும் எதற்கு என்று தட்டிக் கழித்தாய். கொஞ்ச நாளில் ஊசிக்குப் போவதும் நின்றது. ஊசி வரிசையில் போய் நிற்கவும் ஒரு மனசு வேண்டும். அந்த மனசுதான் உன்னிடமிருந்து மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. செதில் திரும்பியது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது, அதையும் அசதி என்றே நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவன், நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னாயாம். ஸ்டெல்லா தண்ணீர் கொண்டு வந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. உனக்கு ஐம்பது கூட ஆகவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாரடைப்பு என்றார்கள், தோல் வியாதி உள்ளுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள், கவலையே ஆளைத் தின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். நான் யாரையும் மறுக்கவில்லை. மாத்திரையை விடாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவே பிரித்துச் சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. சில நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் வந்திருந்தேன். ஸ்டெல்லா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். உன் மகள் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா தலை நிமிராமலே கேட்டாள்: "எல்லாம் ஒரே நோய்தான்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களே அண்ணே. அப்போ இவரு சோம்பேறி இல்லதானே?"

இத்தனை காலம் அவள் மனதில் அது கிடந்திருக்கிறது. மாடியிலிருந்து வந்த சொல், தினமும் வேலைக்குப் போகிற வழியெல்லாம் அவளோடு போயிருக்கிறது.

"இல்லம்மா" என்றேன். "ஒருநாளும் இல்ல."

உன் மகளும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். சர்க்கரை இருக்கிறது, பாதம் எரிகிறது. சில காலைகளில் எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று படுத்தே கிடக்கிறேன். போன மாதம் சர்க்கரை டாக்டர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட மணியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் எழுந்திருக்கவில்லை. "சார், மனசும் சரியில்ல" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

உன்னிலிருந்து ஆரம்பித்தேன்.