பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்த யானை

பிடோக் கம்பம், சிங்கப்பூர்
18 டிசம்பர் 1966

புருணை தேசத்துச் செரியாவில் எண்ணெய்க் கிணறுகளை அடக்கி ஆளும் என் அக்காள் மகன் வடிவேலுவுக்கு, கிழக்குக் கரையின் முடிசூடா மன்னனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய மருதப்பன் ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது.

மாப்பிள்ளை, இதில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினால் அவர்களும் நம்பமாட்டார்கள். உன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்ய நான் தயார். பூவம்மாக்காதான் தலையைக் கொடுக்க மறுக்கிறாள்.

உனக்கு மகன் பிறந்த தந்தி கிடைத்திருக்கும். பயலுடைய முதல் அழுகையைக் கேட்டு, சாங்கியில் இறங்க வந்த பட்டாளத்து விமானம் ஏதோ அபாயச் சங்கு என்று பயந்து கடலுக்கு மேல் இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தது. மூக்கு உன்னுடையது. குரல் சந்தேகமே இல்லாமல் என்னுடையது. காது மட்டும் அவன் அம்மாவுடையது.

இனி, அவன் பிறந்த வரலாறு. போன வாரம் ஒரு மத்தியானம். கம்பத்து வீடுகளில் ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் உன் பெண்டாட்டி லீலாவும்தான். வானம் கிழிந்து கடல் தலைகீழாகக் கொட்டியது. தென்னை மரத்தின் பாதி உயரத்தில் மீன் நீந்தியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து லீலாவுக்கு வலி எடுத்துவிட்டது. நீ விட்டுப்போன, பின்பக்கம் கூரையில்லாத பிக்கப் வண்டியில் அவளை முன்னால் உட்காரவைத்துக் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

மண்சாலை பெரிய ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மேடு வருமே, அங்கே இடப்பக்கப் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மிதித்தேன். அது மட்டும் சுழன்றது. வலப்பக்கம் கெட்டித் தரையில் இருந்த சக்கரம், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல அசையாமல் நின்றது.

அப்போதுதான் மாப்பிள்ளை, யானை வந்தது. எங்கோ கூடாரம் போட்டிருந்த சர்க்கஸிலிருந்து மழைக்கு மிரண்டு சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு வந்த யானை. நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் ஏறி அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்காரு என்று ஆணையிட்டேன். அதுவும் பணிவாக ஏறி உட்கார்ந்தது. பாரம் அழுத்தியதும் சக்கரம் தரையைக் கவ்வியது. வண்டி மேடேறியது. யானைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, லீலாவை நல்லபடியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உன் அம்மாவுக்கும் இதையேதான் சொன்னேன். அவள் யானைக்கு வாழைப்பழம் கொடுத்தாயா என்று மட்டும் கேட்டாள்.

நீ ஃபிட்டர். யானையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பற்றித்தான் கேட்பாய். நீ கிளம்பும்போது எனக்குப் பாடமே நடத்திவிட்டுப் போனாய். மற்ற வண்டிகளில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அடுத்தது சும்மா நிற்கும், இந்த அமெரிக்க வண்டியில் பின் அச்சின் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நல்ல சக்கரத்தையும் உருளவைக்கும் என்றாய். தகடுகள் தேய்ந்துவிட்டன, திருப்பத்தில் உறுமும், உறுமினால் உறுமட்டும், பிடி கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், லீவில் வந்து நானே பிரிக்கிறேன், நீங்க கை வைக்காதீங்க மாமா என்றாய். நானும் பெரிய மனிதன் போலத் தலையாட்டினேன்.

கை வைத்துவிட்டேன்.

போன மாதம் லீலாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போனபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி உறும, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டாலே உள்ளே உதைக்குது மாமா என்றாள். எனக்குத் தாங்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் ஒருவன், எந்தப் பல்சக்கரத்தையும் ஊமையாக்கிவிடும் என்று சொல்லி ஒரு வழுவழுப்பு எண்ணெய் கொடுத்தான். ஊற்றினேன். வண்டி பூனைக்குட்டி ஆகிவிட்டது. தேக்கா சந்தை முழுக்கப் போய், எஞ்சினீயர்களுக்குத் தெரியாத வித்தை எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொண்டேன். லீலாகூட, மாமா கைராசிக்காரர் என்றாள். அந்தச் சொல்தான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

பையன் பிறந்த மறுநாளே வண்டியை ஜலாலுதீனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவன் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை விடுவித்து, ஒற்றை விரலால் தள்ளினான். இறுகி நிற்க வேண்டியது தொட்டில் மாதிரி லேசாகச் சுற்றியது. பெட்டியைத் திறந்து எண்ணெயை மோந்து பார்த்துவிட்டு, என்ன மருதண்ணே, தீபாவளிக்கு வண்டிக்கும் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினீங்களா என்றான். தகடு ரெண்டும் சண்டை போட்டாத்தான்ணே பிடி, நீங்க அதுங்களுக்குச் சமாதானம் பண்ணி வெச்சுட்டீங்க லா என்றான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாய் மட்டும்தான்.

புதுத் தகடு அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அதற்கு நேரமில்லை. இருப்பதையே மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடியாய் வழுக்கிய முகங்களை உப்புத்தாளால் நானே தேய்த்தேன். ஜலாலுதீன் ஆளை வைத்துச் செய்கிறேன் என்றான். விடவில்லை. என் விரல்களில் இப்போது ரேகை கிடையாது, எந்தப் போலீஸாலும் இனி என்னைப் பிடிக்க முடியாது. நன்றாக இருந்த தகடுகளை உரசல் அதிகமாக விழும் இடத்துக்கு மாற்றி அடுக்கி, பின்னால் நெருக்கிப் பிடிக்க மெல்லிய எஃகு வளையம் ஒன்று வைத்தோம். நான் ஆசையில் தடியாக வெட்டிவிட்டேன். சக்கரம் அசையவே இல்லை. இப்படி இறுக்கினா வளைவுல வண்டி நேராப் போய்க் காப்பிக் கடைக்குள்ள நிக்கும் என்று ஜலாலுதீன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தாள் போல ஒன்று வெட்டித் தந்தான். சாதா கியர் எண்ணெய் ஊற்றினோம். மறுபடி சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தபோது நீள ஸ்பேனரில் என் முழு உடம்பையும் தொங்கவிட வேண்டியிருந்தது. அப்புறம்தான் கயிலையை அசைத்த ராவணன் போல அரை அங்குலம் நகர்த்தினேன்.

நேற்று மழை விட்டதும் அதே மேட்டுக்குப் போய், வேண்டுமென்றே அதே குழியில் இடச் சக்கரத்தை இறக்கினேன். ஒரு தரம் சுழன்றது. உடனே வலச் சக்கரம் பிடித்துக்கொண்டது. உறுமிக்கொண்டே ஏறிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. 

மாப்பிள்ளை, தந்தியில் இருவரும் நலம் என்று அடிக்கச் சொன்னது நான். பையன் நலம். லீலாவுக்கு மழைக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். பயப்படாதே. நேற்றிலிருந்து காய்ச்சல் இறங்குகிறது, இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு விடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் வண்டி தயாராகவேண்டும் என்றுதான் இந்தப் பாடு. டாக்சி கம்பத்துச் சேற்றுக்குள் வராது. திருப்பத்தில் உறுமுமே என்று அவளிடம் தயங்கிச் சொன்னேன். உறுமட்டும் மாமா, இந்தத் தடவை நான் முன்னாலேயே உட்கார்ந்து வர்றேன் என்றாள்.

உனக்கு யானைக் கதையை மட்டும் எழுதச் சொன்னதும் அவள்தான். அவர் அங்கே தனியாக் கிடந்து தவிப்பார், நீங்க வழக்கம்போலப் புளுகுங்க, நான் ஆமா போடுறேன் என்றாள். உன் கோபம் முழுவதையும் எனக்கு அனுப்பு. பெட்டி நிறைய அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு மட்டும் நல்லதாக நாலு வரி எழுது. முடிந்தால் லீவு கேட்டு நீயே வா. எங்கள் பிள்ளையார் உன்னையும் அவளையும் அந்தச் சின்னவனையும் பக்கத்திலேயே இருந்து காக்கட்டும்.

மீனையும் விமானத்தையும் ராவணனையும் இந்தக் கடிதத்திலிருந்து அடித்துவிடு. யானையையும் அடித்துவிடு. சக்கரம் சுழன்றபோது, அப்போதும் வாய் சும்மா இருக்காமல், பின்னால ஒரு யானை உட்கார்ந்தா கிளம்பிடும் என்று சொன்னேன். லீலா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். நான் இப்ப யானை மாதிரிதானே இருக்கேன் மாமா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சக்கரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்தாள். நிறுத்தினால் சக்கரம் மறுபடி சேற்றில் இறங்கிவிடுமோ என்று பயந்து, பெரிய ரோடு வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். அவ்வளவு மழையிலும் அவள் பின்னால்தான் இருந்தாள். இந்தக் கதையில் உண்மை அது ஒன்றுதான்.

உன் மாமன்,
மருதப்பன்